சோழ அரண்மனைக்கு வெளியே

கல்கி 1941இல் 'பார்த்திபன் கனவு' எழுதத் தொடங்கியதிலிருந்து நம் சரித்திர நாவல் பெரும்பாலும் பல்லவ, சோழ அரண்மனைகளிலேயே குடியிருந்தது. கல்கிக்கு அது புதுநிலம். உடையார்குடிக் கல்வெட்டின் சில வரிகளைப் பற்றிக்கொண்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையை 'பொன்னியின் செல்வன்' என்ற ஐந்து பாகக் கதையின் முடிச்சாக்கினார். சாண்டில்யன் கடலையும் வாளையும் காதலையும் முன்னே கொண்டுவந்தார். அகிலனுக்கு இராசேந்திர சோழன் நாயகன். பின்வந்த பலர் இவர்களிடமிருந்து குதிரையையும் சுரங்கப்பாதையையும் எடுத்துக்கொண்டார்கள். கல்கியின் உழைப்பைக் கைவிட்டார்கள்.

இந்த வட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் பிரபஞ்சனை நான் முதலில் வைப்பேன். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவு, சரக்கு விலை, அதிகாரிகளுக்குக் கொடுத்த நஜர், ஊர் வதந்தி எல்லாம் உண்டு. அந்தப் புதுச்சேரியை 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களில் அவர் எழுப்பியபோது, நாட்குறிப்பின் ஓரத்தில் நின்ற எளியவர்கள் நடுவீதிக்கு வந்தார்கள். யார் முடிசூடுவார் என்று வாசகனுக்கு முன்பே தெரிந்த கதையல்ல இது. மனத்தில் பதிந்த சினிமாக் காட்சியும் துணைக்கு வராது. எழுத்தாளர் கட்டித் தந்த தெருவில்தான் நடக்கவேண்டும். அறியாத காலத்தின் ஈர்ப்பே அதுதான்.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' மதுரையைக் காவல்காரர்கள், களவாடுவோர் பக்கமிருந்து சொல்கிறது. 'வெள்ளை யானை'யில் ஜெயமோகன், 1870களின் பெரும்பஞ்சத்தையும் சென்னை ஐஸ் ஹவுஸில் அமெரிக்கப் பனிக்கட்டி சுமந்த தொழிலாளிகளையும் அருகருகே நிறுத்துகிறார். ஒரு நகரம் பட்டினியில் சாகும்போது ஒரு வீட்டில் பானம் குளிர்கிறது. அந்தக் கொடுமையை வரலாற்றுப் பாடநூல் இவ்வளவு கூர்மையாகச் சொன்னதில்லை.

இவ்வகை நாவலுக்கு என் உரைகல் அடுக்களை. சோழர் காலத்துக் குழம்பில் மிளகாய் மணந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். மிளகாய் போர்த்துகீசியரோடு வந்த சரக்கு. நாணயம், கூலி, தூரம், விளக்கெண்ணெய் இவற்றில் தவறாதவரின் கற்பனையை நம்பலாம். தெரியாத காலம் என்பது இட்டுக்கட்ட உரிமம் ஆகாது. திருத்த ஆளில்லாத இடத்தில்தான் பொறுப்பு கூடுதல்.

பதினான்காம் நூற்றாண்டின் மதுரை சுல்தானகம், 1620இல் டேனியர் வந்திறங்கிய தரங்கம்பாடி, முத்துக்குளித்துறைப் பரதவர் மதம் மாறிய 1530கள் என இன்னும் எழுத எவ்வளவோ கிடக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இளம் எழுத்தாளர்களே, அடுத்த சோழ இளவரசிக்குப் பெயர் தேடுமுன் அங்கே போய் ஒரு கட்டையாவது அவிழ்த்துப் பாருங்கள்.