மூன்றாம் வாரத்துப் பேச்சு

தமிழில் திரைப்பட விமர்சன மரபு வளரவில்லை என்ற குறை பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவருகிறது. படித்த வர்க்கம் சினிமாவை ஒரு கலையாக எண்ணிப் பேச முன்வரவில்லை என்று திரை வரலாற்றாளர் தியடோர் பாஸ்கரன் தொடர்ந்து எழுதியிருக்கிறார். எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் தமிழ்ப் படங்கள் குறித்த விமர்சனத்தில் பெரும்பகுதி ஏட்டில் ஏறவே இல்லை. அது வாய்ப்பேச்சாகவே நடந்தது. படம் விட்டு வீடு திரும்பும் வழியில், டீக்கடை பெஞ்சில், மில் வாசலில், கல்லூரி விடுதியில், குழாயடியில் நடந்தது. திரையரங்குதான் தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் என்று ஆய்வாளர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியான தம் நூலில் சுட்டிக்காட்டினார். சாதியால் பிரிந்து நின்றவர்கள் டிக்கெட் விலையால் மட்டும் பிரிந்து உட்கார்ந்தார்கள். அப்படி ஒன்றாகப் பார்த்தவர்கள் பிறகு பேசிய பேச்சைத்தான் தமிழ்நாட்டின் முதன்மையான திரை விமர்சனமாகக் கொள்ள வேண்டும். அந்தப் பேச்சு இன்று தரம் கெட்டுவிட்டது என்று திரைத்துறையினரும் இலக்கியவாதிகளும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரை அதை மறுக்கிறது. ரசிகரின் ரசனை கெடவில்லை. பேசி ஒரு முடிவுக்கு வர அவருக்கு முன்பு கிடைத்த அவகாசம் இன்று பறிபோயிருக்கிறது.

அந்த அவகாசம் எப்படிப்பட்டது என்பதைச் சில படங்களின் கதையே காட்டும். 1978 ஆகஸ்டில் வெளியான ‘முள்ளும் மலரும்’ முதல் சில வாரங்கள் காற்றாடியது. இயக்குநராக மகேந்திரனுக்கு அது முதல் படம். சண்டையும் வசனமும் எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் காளி என்ற அந்த முரட்டு அண்ணனை எங்கே வைப்பதென்று உடனே தெரியவில்லை. பார்த்தவர்கள் பேசினார்கள், பேச்சைக் கேட்டு மற்றவர்கள் போனார்கள், மூன்று நான்கு வாரம் கழித்து அரங்கு நிறைந்து, படம் 100 நாள் ஓடியது. 1999 டிசம்பரில் வந்த ‘சேது’வுக்கு விநியோகஸ்தர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. போட்டுக் காட்டிய பிறகும் வாங்க ஆளில்லை. மிகக் குறைவான அரங்குகளில் தொடங்கிய அந்தப் படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது வாய்மொழிதான். இயக்குநர் பாலாவும் நடிகர் விக்ரமும் அந்த வாய்மொழியால் கிடைத்தவர்கள். இரண்டு படங்களிலும் முதல் மூன்று நாள் வசூலை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் இரண்டுமே தோல்விப் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

அன்றைய விநியோக முறை இந்த அவகாசத்தைத் தானாகவே உண்டாக்கியது. அச்சுப் பிரதிகளுக்குச் செலவு அதிகம் என்பதால் எண்ணிக்கை குறைவு. ஏ சென்டரில் ஓடித் தேய்ந்த பிரதிதான் பி சென்டருக்கும், பிறகு சி சென்டரின் கீற்றுக்கொட்டகைக்கும் போகும். சென்னையிலும் மதுரையிலும் பார்த்தவர்களின் அபிப்பிராயம் படப்பெட்டிக்கு முன்பே சிற்றூரை எட்டிவிடும். ஆனால் அது எட்டுவதற்குள் பலர் வாயில் புகுந்து, பலர் மறுத்து, ஓரளவு பதப்பட்டிருக்கும். பத்திரிகை விமர்சனமும் அந்த நிதானத்தில்தான் வந்தது. ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் போட்ட 62½ மதிப்பெண்ணை இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. வார இதழின் மதிப்பெண் வந்தபோது ஊர் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்தது. அந்த எண் பேச்சை முடித்துவைக்கவில்லை. கூடவா குறைவா என்று இன்னொரு சுற்று வாதத்தைத்தான் தொடங்கிவைத்தது.

2000களின் நடுப்பகுதியில் டிஜிட்டல் திரையிடல் பரவியபோது இந்தப் படிநிலை சரிந்தது. சிற்றூர் ரசிகருக்கு அது பெரும் நியாயம் என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். நகரத்துக்காரர் பார்த்துச் சலித்த கீறல் விழுந்த பிரதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர் முதல் நாளே படம் பார்க்க முடிந்தது. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே நாளில் வெளியாகும் படம், எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் காலியும் ஆகிவிடுகிறது. ஆண்டுக்கு 200க்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வருகின்றன. வெள்ளிக்கிழமைதோறும் சராசரியாக நான்கு. வசூலில் தயாரிப்பாளர் தரப்புக்குச் சேரும் பங்கு முதல் வாரத்தில் அதிகம், வாரம் ஏற ஏறக் குறையும் என்பதால் பெரிய படங்கள் முதல் வாரத்திலேயே எல்லாத் திரைகளையும் நிரப்பிவிடப் பார்க்கின்றன. நான்கு வாரத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரு படத்தைப் பற்றிய கருத்து எப்போதாவது பயன்படுமென்றால் அது வெள்ளி மதியத்துக்குள் வந்தாக வேண்டும் என்ற நிலை உருவாகிவிட்டது.

வெள்ளி மதியம்கூடத் தாமதம்தான். 2023 பொங்கலுக்கு வந்த ‘துணிவு’ படத்தின் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி இறுகியது. அந்த ஆண்டு அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது இங்கே முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்தில் 4 மணிக்கே. விளைவாக ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றிய முதல் அபிப்பிராயம் பாலக்காட்டிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டு ரசிகர் அரங்குக்குள் நுழையும்போது அவர் கைப்பேசியில் தீர்ப்பு தயாராக இருக்கிறது. படம் பார்த்து ஒரு கருத்துக்கு வருவதற்குப் பதிலாக, வந்துவிட்ட ஒரு கருத்தைச் சரிபார்க்கவே அவர் உட்காருகிறார்.

அரங்க வாசலில் நீட்டப்படும் மைக்கின் முன் ஒரு ரசிகர் பொதுவாக என்ன சொல்கிறார் என்பதை நிதானமாகக் கவனிக்கலாம். “ஃபர்ஸ்ட் ஹாஃப் செம. செகண்ட் ஹாஃப்ல கொஞ்சம் லேக். பிஜிஎம் மிரட்டிட்டாங்க. ஒரு தடவை பாக்கலாம்.” இருபது வினாடிக்குள் முடிந்துவிடும் இந்தப் பேச்சைக் கேலி செய்வது எளிது. ஆனால் இதற்குள் ஒரு வடிவ விமர்சனம் இருக்கிறது. இந்திய வெகுஜனப் படத்தின் கட்டுமானத்தையே இடைவேளை போன்ற முறிவுகள் தீர்மானிக்கின்றன என்று லலிதா கோபாலன் 2002இல் ஒரு முழு நூலில் விவரித்தார். நம் ரசிகர் எந்தக் கோட்பாடும் படிக்காமல் அந்த முறிவைத் தம் அளவுகோலாக வைத்திருக்கிறார்: இடைவேளைக்கு முன் கொடுத்த வாக்கைப் பின்பாதி காப்பாற்றியதா? ‘லேக்’ என்னும்போது கதையின் வேகத்தையும், பிஜிஎம்மைப் பிரித்துச் சொல்லும்போது காட்சிக்கும் ஒலிக்கும் உள்ள உறவையும் எடைபோடுகிறார். ‘ஒரு தடவை’ என்பது மறுபார்வைக்குத் தாங்குமா என்ற கேள்விக்கான பதில். அரங்கை விட்டு வெளியே வந்த ஐந்தாவது நிமிடத்தில் எவராலும் சொல்லக்கூடியது இவ்வளவுதான். படித்த விமர்சகரிடம் அதே ஐந்தாவது நிமிடத்தில் மைக் நீட்டினாலும் சொற்கள் மாறும், விஷயம் பெரிதாக மாறாது.

ஐந்தாவது நிமிடத்தில் சொல்ல முடியாதவை வேறு. ‘பரியேறும் பெருமாள்’ 2018 செப்டம்பர் இறுதியில், ‘செக்கச் சிவந்த வானம்’ வந்த மறுநாள் வெளியானது. மணிரத்னத்தின் நட்சத்திரப் பட்டாளத்துக்குப் பக்கத்தில் குறைவான காட்சிகளே அதற்குக் கிடைத்தன. பேச்சு பரவப் பரவக் காட்சிகள் கூடின. அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் இரண்டு டீ கிளாஸ்கள் அருகருகே இருக்கும். ஒன்றில் பால் டீ, மற்றதில் கடும் டீ, நடுவே ஒரு மல்லிகைப் பூ. பேசி முடித்துவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற கிளாஸ்கள் அவை. கிராமத்துக் கடைகளில் சாதி பிரித்த இரட்டைக் குவளை இருந்ததை அறிந்த ஒருவர் அதைப் பார்ப்பதற்கும், அறியாத ஒருவர் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு முதல் நாள் பேச்சில் வெளிப்படவில்லை. ஒருவர் மற்றவருக்குச் சொல்லித்தான் அந்தச் சட்டகம் திறந்தது. ஒரே நிறமாக இல்லாத இரண்டு கிளாஸ்களைச் சமத்துவம் என்பதா, சமரசம் என்பதா, இன்னும் தீராத இடைவெளி என்பதா என்ற விவாதம் பல வாரங்கள் நடந்தது. நீல நிறம் பூசிய உடலையும் கருப்பி என்ற நாயையும் சேர்த்து ஒரு முழு வாசிப்பைச் சாதாரண ரசிகர்களே உருவாக்கினார்கள். ரசனை கெட்டுவிட்டது என்பவர்கள் இந்த ஒரு படத்தைச் சுற்றி நடந்த பேச்சை எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு ‘சூப்பர் டீலக்ஸ்’ வந்தபோது முதல் வாரப் பாராட்டு மழைக்குப் பிறகுதான் ஷில்பா என்ற திருநங்கைப் பாத்திரம் எழுதப்பட்ட விதம் குறித்துத் திருநர் சமூகத்திலிருந்து கண்டனங்கள் வலுத்தன. ஒரு படத்தின் அறம் பற்றிய கேள்வி எழுவதற்கும் நாள் பிடிக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றில் முதலாவது, பழைய பேச்சும் தூய்மையானதல்ல என்பது. உண்மை. ரசிகர் மன்றங்கள் கைதட்டலைத் திட்டமிட்டன. போட்டி நடிகரின் படத்தைப் பற்றி வதந்தி பரப்பின. 100 நாள் சுவரொட்டிக்காக ஆளில்லாத அரங்கில் படம் ஓட்டப்பட்டதும் உண்டு. மதுரையில் கள ஆய்வு செய்து சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூல், ஏழை உழைப்பாளர்களுக்கு மன்றம் எவ்வளவு பெரிய அடையாளமாக இருந்தது என்பதை விரிவாகச் சொல்கிறது. அடையாளம் இருக்கும் இடத்தில் சார்பும் இருக்கும். இன்றைய பணம் வாங்கிய விமர்சனங்களும் கூலிக்கு இயங்கும் சமூக ஊடகக் கணக்குகளும் அந்தச் சார்பின் வாரிசுகள்தான். ஆனால் பழைய பொய்யைத் திருத்த வாரங்கள் இருந்தன. மன்றத்தார் முதல் நாள் எழுப்பிய விசிலை மூன்றாம் வாரத்தில் குடும்பத்தோடு வந்தவர்கள் வழிமொழியவில்லை என்றால் படம் படுத்துவிடும். இன்றைய பொய்யைத் திருத்த ஆள் வருவதற்குள் படமே அரங்கில் இருப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. அவகாசம் குறையவில்லை, இடம்தான் மாறியது, தொலைக்காட்சியும் ஓ.டி.டி.யும் மறுவெளியீடும் ஒரு படத்துக்கு முடிவே இல்லாத பேச்சைத் தருகின்றனவே என்று கேட்கலாம். 2003 பொங்கலில் தோற்ற ‘அன்பே சிவம்’ தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி ஒரு தலைமுறையின் விருப்பப் படமானது. 2011இல் அரங்குகளில் எடுபடாத ‘ஆரண்ய காண்டம்’ தேசிய விருதுகளுக்குப் பிறகு தேடிப் பார்க்கப்படும் படமானது. 2010இல் ஏசப்பட்ட ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2021இன் கடைசி நாளில் மறுபடி அரங்குக்கு வந்தது. இவையெல்லாம் ரசிகரின் இரண்டாம் பேச்சு எவ்வளவு கூர்மையானது என்பதற்குச் சான்றுகள். என் வாதத்துக்கே வலுச் சேர்ப்பவை. ஆனாலும் இவற்றைக் கொண்டு ஆறுதல் அடைய முடியாது. தாமதமாக வரும் புகழ் அந்தப் படத்துக்குப் பணம் போட்டவரைக் காப்பாற்றுவதில்லை. மறுவெளியீட்டின் பெரும்பங்கும் நட்சத்திரப் படங்களுக்கே போகிறது. 2024இல் 20 ஆண்டு கழித்து வந்து கூட்டம் சேர்த்தது ‘கில்லி’. பெயர் தெரியாத நடிகர்களோடு வந்து மூன்றே நாளில் தூக்கப்பட்ட படத்தை மறுபடி வெளியிட யாரும் வருவதில்லை. மேலும், வீட்டில் தனியாகப் பார்த்தவர்களின் பாராட்டில் சிவத்தம்பி சொன்ன ஒரே கூரை இல்லை.

அவகாசக் குறைவு பேச்சை மட்டுமல்லாமல் படத்தையே வெட்டுகிறது என்பது 2024இல் துலக்கமாகத் தெரிந்தது. ‘இந்தியன் 2’ வெளியான பிறகு 12 நிமிடம் குறைக்கப்பட்டது. ‘கங்குவா’வின் இரைச்சல் பற்றிய புகார்களால் அரங்குகளில் ஒலி அளவைக் குறைக்கச் சொன்னார்கள், அதன் நீளமும் குறைந்தது. இவ்விரண்டும் போகட்டும். ‘மெய்யழகன்’ ஓர் இரவு முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் படம். சாவகாசம்தான் அதன் உயிர். நீளம் என்று முதல் நாட்களில் எழுந்த முணுமுணுப்புக்குச் செவிசாய்த்து, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடம் நீக்கப்பட்டது. நான்கு வாரத்தில் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்ததும் தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்தும் அதைக் கொண்டாடினார்கள். பலர் கொண்டாடியது அந்த நிதானத்தைத்தான். முதல் வாரத்தில் முணுமுணுத்தவர்களைக் குற்றம் சொல்ல ஏதுமில்லை. அவர்கள் தமக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். அந்தச் சொல்லை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு கத்தரியைத் தூக்கியது பயத்தின் செயல்.

தயாரிப்பாளர்கள் கண்டிருக்கும் மருந்து மௌனம். ‘கங்குவா’வுக்குப் பிறகு அரங்க வளாகத்தில் யூடியூபர்களை அனுமதிக்க வேண்டாம் என்றார்கள். 2024 டிசம்பரில் நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்குச் சமூக ஊடக விமர்சனத்தைத் தடை செய்யக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்துக்கு உட்பட்டது என்று கூறி, பொத்தாம்பொதுவான தடை விதிக்க நீதிபதி மறுத்தார். கேரள உயர் நீதிமன்றத்தில் நடந்த இதேபோன்ற வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேரக் காத்திருப்பைப் பரிந்துரைத்திருந்தார். கூலிக்கு அவதூறு பரப்புபவர்மீது வழக்குத் தொடுப்பது நியாயம். காசு கொடுத்துப் படம் பார்த்தவரை வாய் மூடு என்பதில் எந்த நியாயமும் இல்லை. மூன்று நாள் மௌனம் மோசமான படத்துக்கு மூன்று நாள் வசூலைத் தரலாம். ‘சேது’ போன்ற ஒரு படத்தை அது கொன்றுவிடும். அத்தகைய படத்துக்கு விளம்பரப் பணம் கிடையாது, பேச்சு மட்டுமே உண்டு.

ஆகவே கேட்க வேண்டியது ரசிகரின் மௌனத்தை அல்ல, திரையின் நேரத்தை. ஓ.டி.டி. இடைவெளியை எட்டு வாரமாக்க வேண்டும் என்று திரையரங்கு உரிமையாளர்கள் பல முறை கேட்டிருக்கிறார்கள். அதே பேச்சுவார்த்தையில் தயாரிப்பாளர்கள் அவர்களிடம் பதிலுக்கு ஒன்று கேட்கலாம்: பெரிய நட்சத்திரம் இல்லாத தமிழ்ப் படத்துக்கு, வசூல் எப்படி இருந்தாலும், மாவட்டத்துக்கு ஓர் அரங்கிலாவது மூன்று வாரத்துக்கு ஒரு மாலைக் காட்சி. காலை 11 மணிக் காட்சி போதாது, வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது. இரு சங்கங்களும் அடுத்த முறை ஒப்பந்தம் பேச உட்காரும்போது இந்த ஒரு வரியைச் சேர்த்துக் கையெழுத்திட வேண்டும்.