ஊசித்துளையின் அகலமும் அதன் விலையும்

ஊசித்துளைக் கேமராவைப் பற்றி எழுதும் நம்மவர் இப்னு ஹைதமின் பெயரோடு தொடங்குவர். பெரும்பாலும் அப்பெயரோடே முடித்தும் விடுவர். ‘கிதாபுல் மனாழிர்’ நூலின் ஆயிரமாண்டு நினைவும் இணைந்திருந்த 2015ஆம் ஆண்டின் சர்வதேச ஒளி ஆண்டில், “கேமராவைக் கண்டுபிடித்தவர்” என்ற பட்டம் அவருக்குத் தாராளமாகச் சூட்டப்பட்டது. அப்பட்டம் அவருக்குத் தேவையில்லை. துளை வழியே தலைகீழ்ப் பிம்பம் விழுவதைச் சீனத்தின் மோசி மரபினர் அவருக்கு வெகு முன்னரே அறிந்திருந்தனர். கிரகண வேளையில் சிறு துளை பிறையைக் காட்டுவதும், துளை பெருத்தால் பிம்பம் வட்டமாவதும் ஏன் என்று தனி நூலொன்றில் ஆராய்ந்ததே அவருடைய பெருமை. அளவை மாற்றினால் காட்சி என்னவாகும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

வில்லையற்ற புகைப்படக் கலையில் ஈடுபடுவோர் அக்கேள்வியை மறந்துவிடலாகாது. சிதம்பரத்தின் சன்னதித் தெருவில் நிற்பவருக்கு ஏழுநிலைக் கோபுரம் முழுவதையும் அடக்கப் பின்வாங்க இடமிராது. பார்வைப் புலத்தை விரித்தாக வேண்டும். பத்து சென்டிமீட்டர் அகலத் தாளிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தொலைவில் துளை இருப்பின் 90 பாகை அகப்படும். விளிம்பில் விழும் ஒளி நடுவில் விழுவதில் நாலில் ஒரு பங்கு. தொலைவைப் பாதியாக்கினால் புலம் ஏறத்தாழ 127 பாகையாகும். விளிம்பொளியோ இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். துளையிட்ட தகட்டின் தடிமன் துளையின் விட்டத்திற்குச் சமமாயின், 45 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் கதிர் உள்ளேயே நுழையாது.

தாளை அரைவட்டமாக வளைத்து, அதன் மையத்தில் துளையை அமைத்தால் இருள் பெரிதும் குறையும். ஆனால் நேர்கோடுகள் வளையும். கடலூர் தேவனாம்பட்டினக் கரையில் கேமரா மட்டமாக இருக்கும்வரை தொடுவானம் நேராகவே பதியும். சற்றுச் சாய்த்தாலோ வில்லாகும். அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் 1906இல் வெளியிட்ட சோதனையில் கேமராவினுள் நீரை நிரப்பி, ஒளிவிலகலின் துணையால் ஏறத்தாழ அரைக்கோளம் முழுவதையும் பதித்தார். அங்கும் விளிம்புகள் நெருக்குண்டன.

ஆக, அகலம் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. இருண்ட விளிம்பைக் கணினியில் வெளுத்து, வளைந்த கோட்டை நிமிர்த்திக் காட்டும் படம் தன் சாட்சியத்தைத் தானே அழித்துக்கொள்கிறது. விளிம்பின் இருளையும் வளைவையும் அப்படியே விட்டுவைக்கும் படமே மேலானது என்பது என் துணிபு.

2019 டிசம்பர் 26இன் சூரிய கிரகணம் கடலூர் மாவட்டத்தில் பகுதிக் கிரகணமாக நிகழ்ந்தது. வெயில் எட்டிய இடங்களிலெல்லாம் இலையிடுக்குகள் தரையில் பிறைகளை வரைந்திருக்கும். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அட்டையில் இரு துளைகளை, ஒன்று சிறிதும் ஒன்று பெரிதுமாக, இட்டு ஒப்பிட்டுப் பார்த்திருப்பர்? இப்னு ஹைதமுக்கு விழா எடுப்பவர்கள் அடுத்த கிரகணத்திற்குமுன் ஓர் அட்டையையும் ஊசியையும் அவர்கள் கையில் கொடுக்கட்டும்.