ஆண்டு இல்லாத ஒரு ரூபாய்

சில்லறையில் அகப்படும் பிழை நாணயங்களுள் எதற்கு முதலிடம் என்பதில் சேகரிப்பாளர்கள் என்றுமே ஒத்துப்போனதில்லை. பெரும்பாலோர் மையம் விலகி அடிபட்டதையே விரும்புகின்றனர். அதிலும் ஆண்டு முழுதாகத் தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடுகிறது. அமெரிக்க மரபில் ஊறியவர்களோ, பிலடெல்பியா நாணயச்சாலையில் 1955இல் எழுத்துகள் இரட்டையாக விழுந்த லிங்கன் சென்ட்டுக்கு மேல் எதுவும் இல்லை என்பர். அதன் புகழ் நியாயமானதே. ஆயினும் அப்பிழை அச்சிலேயே நேர்ந்தது ஆதலால், அந்த அச்சு அடித்த ஆயிரக்கணக்கான காசுகளிலும் அது ஒன்றுபோலவே வருகிறது. ஒரு காசே தனக்குப் பின்வந்த காசுக்கு அச்சாக நின்றுவிடும் பிராக்கேஜில் அந்தச் சலிப்புக்கு இடமில்லை.

அடிபட்ட காசு வெளியே தள்ளப்படாமல் ஏதேனும் ஓர் அச்சில் ஒட்டிக்கொள்ள, அடுத்து வந்து விழும் வில்லை, அதாவது உரு எதுவும் பதியாத உலோக வட்டு, ஒருபுறம் அச்சாலும் மறுபுறம் அந்தக் காசாலும் அடிபடுகிறது. காசு பதிந்த பக்கத்தில் உருவம் புடைத்து நிற்காமல், குழிந்தும் இடவலம் மாறியும் விழுகிறது. 1992 முதல் 2004 வரை அடிக்கப்பட்ட 25 மி.மீ. எஃகு ஒரு ரூபாயில் சிங்கப் பக்கம் இவ்வாறு பதிந்திருப்பின், அதற்கு இணையான பிழை இந்தியச் சில்லறையில் வேறில்லை என்றே சொல்லலாம். ஒரு பக்கம் புடைத்த சிங்கம், மறுபக்கம் குழிந்த சிங்கம். மதிப்பும் ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் மறுபக்கத்துக்கு உரியவை ஆதலால், மும்பையின் வைரமோ ஐதராபாத்தின் நட்சத்திரமோ நொய்டாவின் புள்ளியோ அதில் காணக் கிடையாது. எந்த ஆண்டு, எந்த ஊர் என்று சொல்ல இயலாத அந்த வட்டு, தான் ஒரு ரூபாய் என்பதைக்கூட எழுத்தில் சொல்வதில்லை.

சிங்கங்கள் ஏறக்குறைய சமச்சீரானவை என்பதால் கண் முதலில் ஏமாறுகிறது. பூதக்கண்ணாடியைப் பீடத்துக்கு இறக்கினால்தான் வலப்புறம் இருக்கவேண்டிய எருது இடப்புறத்திலும், குதிரை வலப்புறத்திலும் நிற்பது தெரியும்; 'பாரத்' என்னும் இந்திச் சொல்லும் வலத்துக்கு நகர்ந்து பின்னோக்கி ஓடும்.

முதல் அடியில் விழுந்த கூர்மையான பிரதிக்கே சந்தையில் மதிப்பு, பிந்தியவற்றைச் சீந்துவாரில்லை. ஒட்டிய காசு அடிமேல் அடி வாங்கி மெலிந்து, அச்சின் விளிம்பைச் சுற்றிச் சோடா மூடிபோல் கவிய, ஒவ்வொரு வில்லையிலும் சிங்கம் சிறிது சிறிதாக அகன்று கலைவதும், பின்னர் மெலிந்த உலோகத்தின் ஊடே அச்சின் சொந்த உருவே மங்கலாக எழுவதும் கூர்ந்து பார்க்கத்தக்கவை. முதற்பிரதியை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வரிசை கிட்டுவதில்லை.

இப்போது தேய்ந்த காசும் சுத்தியல் பட்ட காசும் அமிலத்தில் ஊறிய காசும் 'பிழை' என்ற பெயரில் விலைபோகின்றன. பிராக்கேஜையும் விட்டுவைக்கவில்லை: இரு காசுகளைப் பட்டறைப் பிடிக்கிடையே வைத்து நெரித்தால், ஒன்றின் முகத்தில் மற்றதன் குழிந்த உரு பதிந்துவிடுகிறது. உண்மையான பிராக்கேஜில் அந்தப் பக்கத்தை அச்சு தொட்டதே இல்லை; எனவே குழிந்த உருவைத் தவிர அங்கு வேறு எதுவும் இராது. நெரித்ததிலோ பழைய உரு நசுங்கிய நிலையில் அடியில் எஞ்சும். மறுபுறமும் பிடியின் தாடையில் அழுந்திப் பெரும்பாலும் மொண்ணையாகியிருக்கும். தராசை நம்பிப் பயனில்லை, இரண்டுமே 4.85 கிராம்தான் நிற்கும்.