ரோண்டானேயின் நீல இரவு

கிட்டத்தட்ட ஒரே நிறத்தை நம்பி ஆளுயரக் கான்வாஸ் ஒன்றை நிரப்புவதற்குத் துணிச்சல் வேண்டும். நார்வே ஓவியர் ஹரால்ட் ஸோல்பெர்க்குக்கு அது இருந்தது. பொறுமை அதைவிட அதிகமாகவே இருந்தது.

1899-ல் பனிச்சறுக்குப் பயணமாக ரோண்டானே மலைப்பகுதிக்குப் போனவர், நிலவொளியில் அந்தச் சிகரங்களைப் பார்த்தார். அன்று மனத்தில் விழுந்த காட்சி அவரை விடவே இல்லை. கோட்டோவியம், நீர்வண்ணம், சிறிய வடிவங்கள் என்று திரும்பத் திரும்ப வரைந்து பார்த்து, 'மலைகளில் குளிர்கால இரவு' என்ற பெரிய எண்ணெய் வண்ண ஓவியத்தை 1914-ல்தான் முடித்தார்.

நீலம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். இந்த ஓவியத்தில் எத்தனை நீலங்கள்! முன்னால் மேடும் பள்ளமுமாகப் பனிவெளி. நடுவில் காடு, ஏறக்குறைய மையின் கருமைக்கு இறங்கிய நீலம். அதற்குப் பின்னால் பனி போர்த்திய மலைகள் வெளிறி எழுகின்றன. காட்டின் அந்த இருட்டு இல்லாவிட்டால் மலைகளுக்கு இவ்வளவு வெளிச்சம் கிடைத்திருக்காது.

கிட்டே போய்த் தூரிகைத் தடத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. இம்ப்ரெஷனிச ஓவியர்கள் திட்டுத் திட்டாக விட்டுவைத்த தடங்களை ஸோல்பெர்க் வேண்டுமென்றே மறைத்தார். இளவயதில் அலங்கார ஓவியரிடம் தொழில் கற்ற கை அது. ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். மேற்பூச்சின் வழியே அடிப்பூச்சு தெரிவதால், மலை உள்ளிருந்தே ஒளிர்வதாகத் தோன்றுகிறது.

அந்த வழவழப்புக்கு நேர் எதிர், இருபுறமும் நிற்கும் மொட்டை மரங்கள். முறுக்கிய கிளைகளை இலை நரம்புபோல் நுனிவரை இழை இழையாகத் தீட்டியிருக்கிறார். பார்வை அந்தச் சிக்கலைக் கடந்துதான் மலையை அடைய வேண்டும். அடைந்தால், மலைகளின் இடைவெளிக்கு மேலே ஒற்றை விண்மீன். சிகரமொன்றின் பனியில் சிலுவை வடிவம் மங்கலாக. குறியீட்டியம் என்றாலே உருவகங்களை இறைப்பவர்கள் உண்டு. இங்கே இந்த இரண்டும் போதுமானதாக இருக்கின்றன. மனித நடமாட்டமே இல்லாத இந்தக் காட்சியில் பக்தியும் தனிமையும் தாமாகவே வந்து சேர்கின்றன.

1995-ல் நார்வே வானொலி நேயர்கள் வாக்களித்துத் தேசத்தின் ஓவியமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். அச்சுப் பிரதிகளில் இந்த நீலங்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடுகின்றன. ஓஸ்லோ போக வாய்ப்பவர்கள் தேசிய அருங்காட்சியகத்தில் மூலத்தையே பாருங்கள். முதலில் எட்ட நின்று, பிறகு அந்தக் கிளைநுனிகள் தெரியும்வரை நெருங்கி.