இலவசமும் வரிசையும்

அரிய நிபுணரின் சேவை எல்லோர்க்கும் போதாதவிடத்து, முதலிடம் யாருக்கு என்பதைப் பொருளாதார அமைப்பே தீர்மானிக்கின்றது. நம்மவரின் வாதங்களோ ‘இலவசமா, கட்டணமா’ என்ற வினாவோடு நின்றுவிடுகின்றன. அவ்வினா போதுமானதன்று.

பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை மந்திகையில் உள்ளது. அங்கே நோயாளி கட்டணம் செலுத்துவதில்லை. ஆயினும் விசேட நிபுணரைக் காண ஒரு கடற்றொழிலாளி வரிசையில் நின்றால் அன்றைய தொழில் போய்விடும். பணமாக அறவிடாத விலை நேரமாக அறவிடப்படுகின்றது. மாதச் சம்பளக்காரருக்கு அது அரைநாள் லீவு. இவருக்கோ வீட்டு உலை.

ஆதலாற் கட்டணமே நேர்மையானது என்பாரும் உளர். 1971இல் அரச வைத்தியசாலைகளில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியதும் அவர்களின் தொகை வீழ்ந்தது. வராமல் நின்றவர்கள் நோய் தீர்ந்தவர்கள் அல்லர். 1977இன் பின் அரச வைத்தியர் கடமைநேரத்துக்கு அப்பால் தனியாகத் தொழில்புரிய இடமளிக்கப்பட்டது. காலையில் வரிசையின் கடைசியில் நின்றவர், காசிருந்தால் மாலையில் அதே நிபுணரைச் ‘சனல்’ பண்ணிக் காணலாம். நிபுணர் தொகை கூடவில்லை, வரிசைதான் மாறியது.

இச்சிக்கலின் வேரை முன்பே கண்டவர், 1848இல் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன். ஆங்கிலத்திற் கற்றவர்கள் சம்பளத்தை நாடி வெளியே போகக் கண்ட அவர், 1864 முதல் தமிழில் மருத்துவம் போதித்தார், நூல்களையும் தமிழாக்கினார். இதனைத் தமிழ்த் தொண்டாக மட்டும் போற்றுவது நமது சங்க மேடைகளின் வழக்கம். தமிழில் மட்டும் கற்றவருக்கு வெளிச்சந்தையில் விலையில்லை, எனவே ஊரிலே தங்குவர் என்ற கணக்கும் அதில் இருந்தது. கணக்குப் பெரிதும் பிழைக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆயினும் மாணவனுக்கு ஒரு கதவை அடைத்து ஊருக்கு நன்மை செய்யும் வழி அது. அக்கதவை நமக்கு அடைப்பதாயின், இதனைப் படிக்கும் மருத்துவபீட மாணவருள் எத்தனைபேர் இசைவர்?

2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது, அரச செலவிற் கற்ற வைத்தியர் பலர் கடல் கடந்தனர். அவர்களை நன்றி மறந்தோர் என ஏசுவது எளிது, நானும் ஏசியதுண்டு. ஆனால் மந்திகையில் ஒரு நிபுணர் பத்தாண்டு தங்கிப் பணிபுரிய வேண்டிய வீடு, கருவி, துணை வைத்தியர், மேற்கல்விக்கான விடுமுறை ஆகியவற்றுள் எதை யார் கொடுப்பது என்பதை எந்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் நாம் கேட்டோம்?