மரக்கிண்ணம் குடிக்கும் எண்ணெய்

பலா மரத்தில் கடைந்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்த கிண்ணம் முதலில் வெளிறித்தான் இருக்கும். துணியில் எண்ணெய் தொட்டுத் தடவினால் மஞ்சள் பொன்னிறமாகும். அதுவரை தெரியாத வரிகளெல்லாம் எழுந்து வரும். மரவேலையில் இதைவிட அழகான கட்டம் கிடையாது. எந்த எண்ணெய் என்பதில்தான் ரசனையும் எச்சரிக்கையும் சேர வேண்டும்.

நம் கை முதலில் தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். வேண்டாம். அது காற்றில் உலராது. மரத்துக்குள் அப்படியே நின்று, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெய் பிசுபிசுப்போடு நின்றுவிடும்.

ஆளிவிதை எண்ணெய் வேறு ரகம். காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, மரத்தின் துளைகளுக்குள்ளேயே கெட்டிப்படும். ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுகளாக இதில் வண்ணம் குழைத்ததும் இந்தக் குணத்துக்காகத்தான். சமையலுக்கென விற்கும், செக்கில் ஆட்டிய எண்ணெயே கிண்ணத்துக்கு ஏற்றது. பெயிண்ட் கடையில் ‘பாயில்டு’ என்று கிடைப்பதில் சீக்கிரம் உலர கோபால்ட், மாங்கனீஸ் உப்புகள் சேர்த்திருப்பார்கள். உணவுப் பாத்திரத்துக்கு அது எதற்கு? மெல்லிசாகத் தடவி, மிச்சத்தை ஒட்டத் துடைத்து, காய்ந்தபின் மறுபடி தடவ வேண்டும். தடித்துப் பூசினால் மேலே சுருக்கம் விழும். முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும், விரித்துக் காயப்போடுங்கள்.

பளபளப்புக்கு அரக்கை எதுவும் மிஞ்சாது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில், சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் தேய்க்கத் தேய்க்க ஒளி ஏறும். பார்த்துக்கொண்டே நிற்கலாம். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும்கூட மேல்பூச்சாகிற பொருள் என்பதால், கலப்பில்லாத அரக்கு வாய்க்குக் கெடுதல் இல்லை. சூடுதான் அதற்கு ஆகாது. முந்திரி, திராட்சை போட்டுவைக்க அரக்குக் கிண்ணம் போதும்.

சூடான சூப்பையும் தாங்குவது ஜப்பானின் உருஷி என்னும் மரப்பால் பூச்சு. அந்தப் பால் பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளிக்கும். ஈரக்காற்றில் இறுகியபின் சாப்பாட்டுக்குப் பாதுகாப்பானது. அது தேர்ந்த கைகளின் வேலை.

வீட்டில் அன்றாடம் புழங்கும் கிண்ணத்துக்கு என் தேர்வு ஆளிவிதை எண்ணெய். அது இறுகியபின் மேலே கொஞ்சம் தேன்மெழுகு. தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், கழுவியதும் துடைத்துவிடுங்கள். மரம் வெளிறத் தொடங்கினால் மறுபடி எண்ணெய் தடவுங்கள்.