கற்றுக்குட்டியின் பறை

பிரெஞ்சில் 'அமத்தர்' என்றொரு சொல் உண்டு. நேசித்தல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஒரு கலையைப் பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காகச் செய்பவரை அது குறிக்கும். அதற்கு ஈடாகத் தமிழில் நாம் வைத்திருக்கும் சொல் 'கற்றுக்குட்டி'. அதில் நேசத்தைவிட ஏளனமே அதிகம்.

பெண்கள் இசையோடு கொண்ட உறவு இந்த இரண்டு சொற்களிலும் அடங்குவதில்லை. நடுத்தர வர்க்கத்து வீடுகளில் பெண் பிள்ளைக்குப் பாட்டு கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகவும் நவராத்திரிக் கொலுவுக்காகவும்தான். கலையையே தொழிலாகக் கொண்ட தேவதாசி மரபுப் பெண்களுக்கோ அந்தத் தொழிலின் பெயரே வசைச்சொல்லாக மாற்றப்பட்டது. ஒருத்திக்கு இசை நகை. இன்னொருத்திக்கு அதுவே பழி. யாருக்கும் காட்ட வேண்டிய தேவையில்லாமல், திக்கித் திணறியாவது, தன் மகிழ்ச்சிக்காக ஒரு கருவியை வாசிக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு நம்மிடம் பெயரே இல்லை. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் நடக்கும் பறைப் பயிற்சி முகாம்கள் அந்தப் பெண்ணுக்கு ஓர் இடத்தைத் தந்திருக்கின்றன. அந்த இடம் யாருடையது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கலந்துகொண்டது விழுப்புரத்துக்கு அருகே ஒரு தோப்பில் நடந்த ஏழு நாள் முகாம். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, விடியலிலிருந்து இரவு வரை பயிற்சி. வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்: ஆசிரியைகள், செவிலியர்கள், கல்லூரி மாணவிகள். எல்லோரும் எல்லோருக்கும் 'தோழர்'. பறையை இடது தோளில் மாட்டி, வளையத்தை உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். வலக் கையில் குட்டையான அடிக்குச்சி, இடக் கையில் நீளமான மெல்லிய சிம்புக்குச்சி. முதல் நாள் எங்களுக்குத் தடையாக இருந்தது கை அல்ல, கால். பறையில் அடியும் அடவும் சேர்ந்தே வரும். கால்களை அகட்டி நின்றால்தான் அடவு வைக்க முடியும். காலைச் சேர்த்து வை, மார்பை மறை, சத்தம் போடாதே என்று வளர்க்கப்பட்ட உடல் மூன்றையும் ஒரே நேரத்தில் மீற வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐம்பது வயது அக்கா ஒருவர் ஒரு சுற்றை முழுதாக அடித்து முடித்தார். அவர் முகத்தில் தெரிந்ததைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுப்பையும் மாமியாரின் மருந்தையும் பிள்ளையின் தேர்வையும் யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்து, தப்பு என்றும் பெயருள்ள கருவியைத் தப்பாகவே அடித்துப் பழகும் உரிமை. இந்த முகாம்களின் உண்மையான சாதனை அதுதான்.

ஆனால் எல்லோரும் ஒரே வாசல் வழியாக அங்கே வரவில்லை. என் குடும்பத்தில் பறை அடித்தே ஆக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருந்ததில்லை. என் பக்கத்தில் நின்று கற்ற ஒரு மாணவிக்கு அப்பா, தாத்தா இருவருமே சாவுக்கு அடித்தவர்கள். வகுப்பில் 'தோழர்' என்றவள் இரவில் தட்டு கழுவும் இடத்தில் 'அக்கா' என்றாள். "நீங்க ஊருக்குப் போனதும் இதை ஹால்ல மாட்டி வைப்பீங்கக்கா. பாக்குறவங்க அழகா இருக்குன்னு சொல்லுவாங்க. எங்க வீட்ல இதைப் பரண்மேல ஒளிச்சு வச்சிருக்கு. நான் இங்க வந்தது அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா, இதுலேருந்து வெளிய வரத்தானே உன்னைப் படிக்க வச்சேன்னு அழுவாரு."

அந்தத் தந்தையை ஆணாதிக்கவாதி என்று சொல்லிவிட்டு நகர முடியாது. பறையைக் கீழே வைப்பதற்கே இங்கே போராட்டங்கள் நடந்திருக்கின்றன. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்த தலித்துகள் ஊர்விலக்கத்தையும் அடி உதையையும் சந்தித்திருக்கிறார்கள். விருப்பத்துக்காகச் செய்பவர் என்றால், விருப்பமில்லாதபோது நிறுத்திவிடவும் முடிந்தவர் என்றுதான் பொருள். நிறுத்தும் உரிமை அந்த அப்பாவுக்கு மறுக்கப்பட்டது. தொடங்கும் உரிமை பெண்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த மாணவி இரண்டு மறுப்புகளுக்கும் நடுவில் நிற்கிறாள். என்னைப் போன்றவர்கள் ஒரு மறுப்பை மட்டுமே கடந்து வருகிறோம்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ப்ளூஸ் இசைக்கும் இப்படித் தங்கிப் பயிலும் வாரங்கள் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் கடலோர ஊரான போர்ட் டவுன்சென்டில், பழைய இராணுவக் கோட்டை வளாகத்தில் நடப்பது அவற்றுள் பெயர் பெற்றது. அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உருவாக்கிய இசையை, இன்று கட்டணம் செலுத்தி, விடுப்பு எடுத்து வந்து கற்கிறார்கள். ப்ளூஸ் என்றதும் மனதில் தோன்றும் உருவம் கிதாருடன் தனியே அமர்ந்த ஆண். ஆனால் 1920இல் 'க்ரேஸி ப்ளூஸ்' பாடலைப் பதிவு செய்து, கறுப்பினப் பாடகர்களுக்கு இசைத்தட்டுச் சந்தையைத் திறந்துவிட்டவர் மேமி ஸ்மித். 1923இல் பெஸ்ஸி ஸ்மித்தும் மா ரெய்னியும் வந்தார்கள். ராபர்ட் ஜான்சன் பதிவு செய்ததோ 1936, 1937 ஆண்டுகளில்தான். அந்தப் பதிவுகளின் தொகுப்பு 1961இல் வெளிவந்து அவரைத் தொன்மமாக்கியது. பாடகிகள் பின்னுக்குப் போனார்கள். 1998இல் வெளிவந்த தன் நூலில் ஏஞ்சலா டேவிஸ், இந்தப் பாடகிகளிடம் உழைக்கும் கறுப்பினப் பெண்களின் பெண்ணியத்தைக் கண்டெடுத்தது அதனால்தான் முக்கியமானது.

அதே மரபில் எலிசபெத் காட்டனின் வாழ்க்கை நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. வட கரோலினாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர். அண்ணனின் பாஞ்சோவை அவர் இல்லாத நேரத்தில் எடுத்துத் தானே கற்றார். இடக்கைக்காரர் என்பதால், வலக்கைக்காரர்களின் கருவியைத் தந்தி மாற்றாமலே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். வீட்டுவேலை செய்த காசில் கிதார் வாங்கினார். பிறகு திருமணம், குழந்தை, தேவாலயத்தாரின் அறிவுரை. கிதார் கையை விட்டுப் போனது. பல பத்தாண்டுகள் கழித்து, சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டுவேலை செய்தபோதுதான் அந்த வீட்டுக் கிதாரை எடுத்து மீண்டும் வாசித்தார். 1958இல் முதல் இசைத்தட்டு வந்தபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார். இன்று அவருடைய விரல்முறை அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகிறது. நேசம் அவரிடம் எப்போதும் இருந்தது. நேரமும் கருவியும்தான் மற்றவர்களுடையவையாக இருந்தன.

தமிழ் இலக்கியத்தில் இந்தப் பெண்ணைத் தேடினால் கிடைப்பாள். நம் வாசிப்புதான் அவளைக் கடந்துபோகிறது. தொல்காப்பியம் பறையைத் திணைகளின் கருப்பொருள்களில் ஒன்றாக வைக்கிறது. புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றில், ஒரு பக்கம் பதலையும் மறுபக்கம் முழவும் தொங்கத் தூக்கி வந்த விறலி பாலை வழியில் இருக்கிறாள். அவள் சுமந்தாள் என்று படித்துவிட்டுப் போகிறோம். வாசித்தாளா என்று வகுப்பில் கேட்பது அரிது. திருப்பாவையில் ஆயர் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்பது பறை. உரையாசிரியர்கள் அதற்கு இறைத்தொண்டு என்று பொருள் கண்டார்கள். பொருள் அழகானதுதான். ஆனால் அதற்குள் ஒரு தோல் கருவியும் அதைத் தொட்ட கைகளும் மறைந்துபோயின.

மறைந்ததை மீட்டவர்களில் ஒருவர் நம் ஊரில் வாழ்ந்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்த கே. ஏ. குணசேகரன் நாட்டார் இசையையும் தலித் அரசியலையும் ஒரே மேடையில் வைத்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு 1990களிலிருந்து தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். எந்தக் கருவியால் தங்கள் குடும்பம் இழிவுபடுத்தப்பட்டதோ அதை அந்தப் பெண்களே முதலில் ஏந்தினார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். நாம் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருவரும் தகுதியானவர்கள். தோல் கருவி வாசிக்கும் பெண்ணின் பெயர் அப்படியொரு பட்டியலில் வரும் நாளுக்கும் காத்திருக்கிறோம்.

ஆகவே முகாம்களை அவற்றின் முழக்கங்களை வைத்து அளக்க வேண்டியதில்லை. சில எளிய கேள்விகள் போதும். கற்றுத்தருபவருக்குக் கிடைப்பது ஊதியமா, பொன்னாடையா? நெகிழித் தோல் போட்ட பறை இப்போது கடையில் கிடைக்கிறது. நெருப்பில் காய்ச்ச வேண்டாம், மழைக்கும் தாங்கும், எடையும் குறைவு. பெண்களுக்கு வசதிதான். ஆனால் தோலைப் பதப்படுத்தி, வளையத்தில் ஒட்டி, வைக்கோல் தீயில் காய்ச்சும் அறிவு எந்தக் கைகளில் இருந்ததோ அந்தக் கைகளைத் தொடாமலே பறையைத் தொட்டுவிட அது வழிசெய்கிறது. சாவுக்கு அடிப்பதில்லை என்று பல குழுக்கள் கொள்கையாக வைத்திருக்கின்றன. சரியான கொள்கை. அதற்கான காரணத்தை முதல் நாளே, முதல் அடிக்கு முன்பே பேசும் முகாம் எத்தனை? பேசாமல் விட்டால் பறை உடற்பயிற்சியாகவும் மன அழுத்தத்துக்கு மருந்தாகவும் சுருங்கிவிடும்.

பெண்கள் கற்றுக்குட்டிகளாக இருக்க வேண்டும் என்றே நான் வாதாடுகிறேன். அந்தச் சொல்லில் உள்ள ஏளனத்தை நாம் பொருட்படுத்தத் தேவையில்லை. பரிசும் மேடையும் இல்லாமல், குடும்பப் பெருமைக்காக அல்லாமல் ஒன்றைக் கற்பது நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட இன்பம். ஆனால் அந்த இன்பம் ஒரு கடனோடு வருகிறது. அப்பா வேண்டாம் என்றபோது பறையைக் கீழே வைக்கவும், மகள் வேண்டும் என்றபோது அதைக் கையில் எடுக்கவும் முடிகிற ஊர் இன்னும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஊரைக் கேட்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.